செவ்வாய்க்கிழமை இருமல்

ஆடி மாதத்தின் முதல் செவ்வாய் போயிற்று. இரண்டாவது செவ்வாயும் போயிற்று. பொன்னுலிங்கத்தை வீட்டை விட்டு இறங்கச் சொல்லி யாரும் வரவில்லை.

வீட்டை விட்டு விரட்டவில்லையே என்று ஒரு மனுஷன் ஏங்குவானா என்று கேட்கலாம். ஏங்குவான். பூதப்பாண்டி தெற்குத் தெருவில் குடியிருந்து, முப்பத்தெட்டு வருஷம் ஔவையார் நோன்பு ராத்திரி தவறாமல் விரட்டப்பட்டுப் பழகியவன் ஏங்கத்தான் செய்வான்.

நோன்பு என்றால் பெண்களின் நோன்பு. ஆடியிலோ தையிலோ மாசியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் அடங்கிய பிறகு தெருப் பெண்களெல்லாம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி இடித்து, உப்புப் போடாமல் கொழுக்கட்டை பிடிப்பார்கள். அதை என்ன உருவத்தில் பிடிக்கிறார்கள், யார் முன்னால் படைக்கிறார்கள், வட்டமாக உட்கார்ந்து என்ன கதை சொல்கிறார்கள் என்பதெல்லாம் ஆண்களுக்குத் தெரியக்கூடாது. ஆண் கண்ணில் பட்டால் அந்தக் கண் அவிந்துபோகும் என்று ஒரு கட்சி, குடும்பமே விளங்காது என்று இன்னொரு கட்சி. விடிவதற்குள் அவ்வளவையும் தின்று தீர்த்து, தரையைக் கழுவிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த ராத்திரி மீசை வைத்தவனுக்கு மட்டுமல்ல, தொட்டிலில் கிடக்கும் ஆண் குழந்தைக்கும் வீட்டில் இடமில்லை. ஒரு வருஷம் பக்கத்து வீட்டு நாகம்மையின் கடுவன் பூனை உள்ளே நுழைந்துவிட்டது என்று பெண்கள் பட்ட பாடு தெருவுக்கே தெரியும்.

தெற்குத் தெருவில் வீட்டுக்கு மூன்று ஆண்கள், நான்கு ஆண்கள். பொன்னுலிங்கத்தின் வீட்டில் ஒரே ஆண் பொன்னுலிங்கம்தான். பிறந்தது நந்தனா என்ற ஒரே மகள். அதனால் கல்யாணமான புதிதிலேயே அவர் மனைவி செல்லக்கனி, "ஒரு ஆளத்தானே வெளியேத்தணும், அது என்ன பெரிய காரியமா, இங்கயே வச்சுக்கிடுவோம்" என்று நோன்பைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அன்றுமுதல் அது நோன்பு வீடு. பொன்னுலிங்கம் வெளியேறும் ஆள்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். வருஷம் முழுக்க நாகர்கோவிலுக்கும் தடிக்காரன்கோணத்துக்கும் நடுவில் ஜனங்களைப் பார்த்து "எறங்கு, எறங்கு" என்று சத்தம் போட்டவர். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அவரை ஒருத்தி இறக்கிவிடுவாள். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கே சோறு போட்டுவிடுவாள். எட்டு மணிக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசல் நடையில் வந்து நிற்பாள்.

"நேரமாச்சு, எறங்குங்க. அவிய எல்லாம் வந்துருவாவ."

"துவர்த்தக் காணலியே."

"தோள்ல கெடக்குகது என்னதாம்?"

"டார்ச்சு லைட்டு?"

"கையில இருக்கு. சவத்து டார்ச்ச வச்சுக்கிட்டு என்னைய ஏன் வெப்புராளப்படுத்துகியோ? போங்க வேய்."

கட்டிய புருஷனை, ஆண்கள் ஒருவரையொருவர் அழைப்பது மாதிரி, வேய் என்று கூப்பிடுவது அந்த ஒரு நாள்தான். அதைக் கேட்பதற்காகவே பொன்னுலிங்கம் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டையும் கையிலிருக்கும் டார்ச்சையும் தேடுவார். இருக்கிற பொருளைத் தேடுவதற்கும் ஒரு திறமை வேண்டும், அது அவரிடம் இருந்தது.

வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டு. அங்கே மைதீன் கனியின் டீக்கடை. அந்தக் காலத்தில் இவரைப் போல விரட்டப்பட்டவர்கள் ஆறேழு பேர் சேர்ந்துவிடுவார்கள். சீட்டு விளையாடுவார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று ஆளுக்கொரு பொய் சொல்வார்கள். பிறகு வீடுகளுக்கு மாடி வந்தது. ஆண்கள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உறங்கினால் போதும் என்று சட்டம் தளர்ந்தது. பொன்னுலிங்கத்தின் வீட்டில் மாடியும் இல்லை, செல்லக்கனியிடம் தளர்ச்சியும் இல்லை. கடைசிப் பத்து வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் ஒருவர்தான்.

விடியற்காலை நாலரைக்குத் திரும்பி வருவார். நேராக உள்ளே போய்விட முடியாது. நடைக்குக் கீழே நின்று மூன்று முறை இரும வேண்டும். ஒரு இருமல் என்றால் வழியில் போகிறவன். இரண்டு என்றால் சளி பிடித்தவன். மூன்று என்றால் வீட்டுக்காரன். இருமினதும் உள்ளே வளையல்கள் குலுங்கும், பாத்திரம் ஒன்று நகரும், யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு செல்லக்கனியின் குரல் வரும்.

"வரலாம்."

அதற்குப் பிறகுதான் படி ஏற வேண்டும். தரை கழுவிவிட்ட ஈரம் உள்ளங்காலில் சில்லென்று ஏறும். தேங்காய் அவிந்த வாசனை இருக்கும். வேறு ஒரு தடயமும் இருக்காது.

ஒரே ஒரு வருஷம் தடயம் இருந்தது. கல்யாணமாகி நாலாவது ஆடி. அம்மிக்கல்லுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கொழுக்கட்டை கிடந்தது. பொன்னுலிங்கத்துக்கு அப்போது முப்பது வயது. பயம் கொஞ்சம், ஆசை கொஞ்சம். எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இதற்காகவா ராத்திரி முழுக்கக் கொசுக்கடி பட்டோம் என்று தோன்றியது. ஆனாலும் ஒரு வாரம் தினமும் காலையில் கண் தெரிகிறதா என்று டிக்கெட் புத்தகத்தின் நம்பரை வாசித்துப் பார்த்துக்கொண்டார். செல்லக்கனியிடம் மூச்சுவிடவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செல்லக்கனிக்குச் சிறுநீரகம் பழுது என்றார்கள். உப்பு ஆகவே ஆகாது என்றார் டாக்டர். உப்பில்லாத கஞ்சியை அவளுக்கு ஊட்டும்போதெல்லாம் பொன்னுலிங்கத்துக்கு அம்மிக்கல் கொழுக்கட்டை ஞாபகம் வந்தது. குடும்பம் விளங்காது என்பது இதுதானா என்று பயந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு நாள் சொல்லிவிட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"எண்ணிப் பிடிச்சதுல ஒண்ணு கொறஞ்சுது. மறுநாள் நீங்க ஒரு கண்ண மூடி மறு கண்ணால சொவத்துக் காலண்டரப் பாத்துக்கிட்டு நின்னியோ. பெறவு தெரியாதாக்கும்?"

"அதுனாலதான் ஒனக்கு இப்பிடி..."

"அட, சும்மா கெடங்க. ஔவைக்கு வேற சோலி இல்லியா? எப்பிடி இருந்துது, அதச் சொல்லுங்க."

"கொள்ளாது. வாயில வைக்க முடியல்ல."

செல்லக்கனி சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து இருவரையும் சத்தம் போட்டாள். அது நடந்து பத்தொன்பதாவது நாள், போன வருஷ வைகாசியில், அவள் போய்விட்டாள்.

போன ஆடியில் துக்க வீடு. நோன்பு அந்தப் பக்கமே வரவில்லை. தெருவும் அதைத் தள்ளிப்போட்டது. தையும் மாசியும் அப்படியே கழிந்தன. இந்த வைகாசியில் தலைத்திவசம் முடிந்தது. பெங்களூரிலிருந்து மகள் நந்தனா வந்து, இருந்து, அழுது, திரும்பிப் போனாள். ஒரு வருஷக் கணக்கு முடிந்துவிட்டது. இனி வீட்டில் நல்ல காரியம் நடக்கலாம். ஆடி வரட்டும், நோன்பு வரும், நம்மை விரட்டுவார்கள் என்று பொன்னுலிங்கம் மனசுக்குள் நாளை எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

அவருக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. அந்த ஒரு ராத்திரி தன் வீட்டில் பெண்களின் சத்தம் கேட்க வேண்டும். தான் அங்கே இருக்கக்கூடாதவனாக இருக்க வேண்டும். இப்போது எந்நேரமும் இருக்கலாம். எந்த அறையிலும் இருக்கலாம், அடுக்களையில் கால் நீட்டிப் படுக்கலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. அந்தச் சுதந்திரம் அவரைக் கொன்றது.

ஆனால் இதை யாரிடமும் கேட்க முடியாது. அதுதான் கொடுமை. நோன்பைப் பற்றி ஆண் வாயே திறக்கக்கூடாது. என்றைக்கு என்று கேட்கக்கூடாது, எங்கே என்று கேட்கக்கூடாது. என் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடுவது அதைவிட மோசம். விரட்டும்வரை தெரியாதவன் மாதிரி இருப்பதுதான் ஆணுக்கு விதித்த மரியாதை.

கேட்க முடியாதவர் ஜாடை காட்டினார். அடுக்களை ஒட்டடையை அடித்தார். செல்லக்கனி கொழுக்கட்டை அவிக்கிற பெரிய செம்புப் பானையைப் பரணிலிருந்து இறக்கி, முற்றத்தில் தெரு பார்க்க உட்கார்ந்துகொண்டு, புளி போட்டுத் தேய்த்தார். போகிற வருகிற பெண்கள் எல்லோரும் பார்க்கும்படி ஒரு மணி நேரம் தேய்த்தார்.

மேலத்தெருவிலிருந்து வந்த ஒருத்தி நின்று, "என்ன அண்ணாச்சி, பானைய விக்கப் போறியளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாகம்மை அந்த வழியாகத்தான் தண்ணீர்க் குடத்தோடு போனாள். பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். செல்லக்கனிக்கு வலக்கை மாதிரி இருந்தவள், வயது அறுபது. பானையைப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பொன்னுலிங்கத்துக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

அன்று ராத்திரி நந்தனா ஃபோனில் வந்தாள்.

"அப்பா, அங்க தனியாக் கெடந்து என்ன செய்யப் போறிய? டிக்கெட் போடட்டா?"

"ஆடி கழியட்டும் மக்கா."

"ஆடியில என்ன?"

"ஒண்ணுமில்ல."

 பெண்பிள்ளை, அந்த வீட்டில் பிறந்து அந்தக் கொழுக்கட்டை தின்று வளர்ந்தவள். "அப்பா, நோன்புக்கா பாக்கிய?" என்றாள்.

"ஏட்டி, அதெல்லாம் ஆம்பளகிட்ட பேசப்படாது."

"இல்லப்பா, அங்க வச்சா அடுக்களையில நின்னு செய்யதுக்கு வீட்டுப் பொம்பள ஒருத்தி வேண்டாமா? எனக்கும் லீவு இல்ல..."

"வை, வை. சோறு கொதிக்கு." அடுப்பில் ஒன்றும் இல்லை. காலையில் வைத்த சோறுதான் மூடிக் கிடந்தது.

மூன்றாவது செவ்வாய் வந்தது. சாயங்காலம் சாரல் தூறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கெல்லாம் குளித்து, வேட்டி மாற்றி, துவர்த்தையும் டார்ச்சையும் ஒன்றாக நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டு, நடையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நாகம்மையின் புருஷன் முத்துநாயகம் கையில் ஒரு பையோடு இறங்கினார். பையிலிருந்து போர்வையின் ஓரம் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இரண்டு மகன்களும் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க பொறப்பாடு?" என்றார் பொன்னுலிங்கம்.

முத்துநாயகம் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தார். "சுசீந்திரத்துக்கு. தங்கச்சி வீடு வர. காலம்பற வந்துருவேன்."

"மூணு பேருமா?"

"ஆமா." குடை விரிந்துவிட்டது, இனி தலையைக் குனிந்துகொள்ள வேறு காரணம் இல்லை. முத்துநாயகம் குனிந்தபடியே நடந்துவிட்டார்.

பொன்னுலிங்கம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்று ஆண்களை ஊரைவிட்டே அனுப்பி ஒரு வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள். அவர் ஒரே ஆள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குக்கூட நாம் ஆகாமல் போய்விட்டோமே என்று நினைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எட்டரை மணிக்கு ஒவ்வொருத்தியாக வரும் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாம் அவர் வீட்டு நடையைத் தாண்டிப் போயிற்று. பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம். பிறகு கசகசவென்று பேச்சு. பிறகு பேச்சு அடங்கி ஒரே ஒரு குரல். கதை தொடங்கிவிட்டது. வார்த்தை பிடிபடவில்லை. அவர் காதைப் பொத்திக்கொண்டார், கேட்டுவிட்டால் தப்பு. காதைப் பொத்தினால் தன் மூச்சுதான் கேட்டது. முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கதையைச் சொன்ன செல்லக்கனியின் குரலை அவர் ஒரு தடவைகூடக் கதை சொல்லிக் கேட்டதில்லை. சண்டை போட்டுக் கேட்டிருக்கிறார், தாலாட்டுப் பாடிக் கேட்டிருக்கிறார், கதை மட்டும் இல்லை. 

அப்போது ஒரு இருமல் வந்தது. சாரல் காற்றில் வருகிற உண்மையான இருமல்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் நின்றது.

நின்ற இடத்திலிருந்து அது மறுபடி தொடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பொன்னுலிங்கம் கையைக் காதிலிருந்து எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அறுபத்தாறு வயதில் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் செய்தார். சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பி, பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுப் பழகின தொண்டையால், இன்னும் இரண்டு முறை இருமினார்.

அந்தப் பக்கம் வளையல்கள் குலுங்கின. ஒரு பாத்திரம் நகர்ந்தது. கதவு திறந்தது. அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

நாகம்மை நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிடக் கூடாதென்று சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உள்ளதான் இருக்கியளா?"

"ஆமா."

"ஒங்க இருமல் அங்க கேக்கு. ஒத்தச் சொவரு. ஆம்பளச் சத்தம் கேட்டா நாங்க எப்பிடிச் செய்ய?"

"நான் எங்க போவட்டு?" என்றார். 

நாகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நாற்காலியில் தயாராக இருந்த துவர்த்தையும் டார்ச்சையும் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவ இல்லாத அடுக்களையில போயி நிக்க எங்களுக்கு மனசு வரல்ல அண்ணாச்சி. அந்தப் பானைய நீங்க தேச்சுக்கிட்டு இருந்தத நான் பாத்தேன். வந்து சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல." மாவு ஒட்டாத கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையை இடுப்பில் வைத்தாள். குரலை உயர்த்தினாள். "சரி, இப்பம் என்ன நின்னுக்கிட்டு? எறங்குங்க. நேரமாச்சுல்லா. இந்தச் சொவரு ஓரத்துல ஒரு ஆம்பள இருக்கப்படாது."

"துவர்த்தக் காணலியே."

"அன்னா கெடக்கு. எடுத்துக்கிட்டு நடங்க."

பொன்னுலிங்கம் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். சாரல் முகத்தில் அடித்தது நல்லதாகப் போயிற்று. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. பழையாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் வேட்டி பறக்க, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி அந்த மனுஷன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

மைதீன் கனி கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். பாலில்லாத பாத்திரத்தைக் கவிழ்த்தவர் இவரைப் பார்த்ததும் பழைய கேள்வியைப் பழையபடியே கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வெரட்டியாச்சா?"

கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"வெரட்டியாச்சு பாய்" என்றார் பொன்னுலிங்கம். "நாகம்மை. இடுப்புல கைய வச்சுக்கிட்டு."

மைதீன் கனி அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார். கடுங்காப்பி போட்டு ஒன்றை இவரிடம் கொடுத்து, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு தடவ சீட்டு வெளயாடும்போ ஒம்ம சம்சாரம் டார்ச்சு லைட்டுக்கு பேட்டரி கொண்டுக்கிட்டு வந்தாவளே, ஓர்மை இருக்கா? ஆம்பளையள வெரட்டிட்டு, இருட்டுல விழுந்துராதேயும்னு பேட்டரி" என்றார். இருந்தது. பேட்டரியைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் ஓடிப்போனாள். இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மைதீன் கனி பெஞ்சை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு, ராத்திரி தங்கல் பஸ் இரண்டும் பொன்னுலிங்கமும்தான். கொசு கடித்தது. இடுப்பு வலித்தது. ஆனாலும் ஒன்றே கால் வருஷத்தில் அவர் நிம்மதியாக இருந்த ராத்திரி அது. தனியாக இருந்தார், ஆனால் ஒரு காரணத்தோடு தனியாக இருந்தார். வீட்டுக்குப் போக முடியாது, போகக்கூடாது, பெண்கள் இருக்கிறார்கள். அதை வாய்க்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, தலைக்குத் துவர்த்தை மடித்து வைத்து, நன்றாகவே உறங்கிப்போனார்.

நாலேகாலுக்கு முதல் பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தில் விழித்தார். மழை விட்டிருந்தது. கோயில் கோபுரத்து விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தார். கால்களுக்கு வழி தெரியும்; மனசு ராத்திரியின் சந்தோஷத்திலேயே இருந்தது. தெருமுனை திரும்பினார். தன் வீட்டு நடைக்குக் கீழே வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒரு இருமல். இரண்டு. மூன்று.

நின்றார்.

மூன்றாவது இருமல் முடிந்த பிறகுதான் தான் யாருக்காக இருமினோம் என்பது அவருக்கு உறைத்தது. எதிரே கதவில் பூட்டுத் தொங்கியது. விரட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. நாகம்மை விரட்டலாம், நாளைக்கு வேறொருத்தி விரட்டலாம். திரும்பி வந்தவனிடம் 'வரலாம்' என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாகத் தான் போனது அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான், துவர்த்தும் டார்ச்சும் சீட்டுக் கச்சேரியும் எல்லாம் அதற்காகத்தான் என்று அந்த நடைக்குக் கீழே நின்றபோது அவருக்குத் தெரிந்தது. ராத்திரி முழுக்க அதை மறந்து சந்தோஷப்பட்டிருக்கிறோமே என்று வெட்கப்பட்டார். படியில் கால் வைக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டில் இருமல் கேட்டிருக்கிறது. வளையல்கள் குலுங்கின, பாத்திரம் நகர்ந்தது, எல்லாம் வழக்கம்போல. கதவு கொஞ்சம் திறந்து நாகம்மை வெளியே வந்தாள். கையில் துடைப்பம், காலெல்லாம் ஈரம். தன் வீட்டு ஆண்கள் வந்துவிட்டார்களோ என்று பார்க்க வந்தவள், பூட்டிய வீட்டின் முன்னால் நின்ற பொன்னுலிங்கத்தைப் பார்த்தாள். அவர் எதற்காக நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து அந்த மூன்று இருமலைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தவள் அவள்.

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. அவளும் எவ்வளவோ முயன்றாள்.

"அண்ணாச்சி," என்றாள் கடைசியில், "சாவி இருக்கா?"

"இருக்கு."

"சரி."

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். அவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டுத் துவாரம் தெரியாமல் இரண்டு தடவை தடவினார். பிறகு டார்ச்சை அடித்துத் திறந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

தரை காய்ந்து கிடந்தது.